பையின் தசம இலக்கங்களும் அவற்றை மனப்பாடம் செய்தலும்

ஒரு வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மாறாத எண் பை எனப்படும். அதன் மதிப்பு 3.14159265... என முடிவின்றி நீள்கிறது. இந்த இலக்கங்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பது பல நாடுகளில் பள்ளிப் போட்டியாகவும் நினைவாற்றல் சாதனையாகவும் நடைபெற்று வருகிறது. ஒப்பிக்கப்படும் ஒவ்வோர் இலக்கமும் ஒரு தசம இடத்தில் அமர்ந்துள்ளது. அந்த இடமே இலக்கத்திற்கு மதிப்பைத் தருகிறது. ஐம்பது இலக்கங்களைத் தடையின்றிச் சொல்லும் மாணவர், 3.14, 3.125 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால் தடுமாறுவதும் உண்டு. எனவே மனப்பாட முறைகளை அறியுமுன் இலக்கங்களின் பொருளை அறிவது நல்லது.

22/7 என்பது பை அன்று

பள்ளிக் கணக்குகளில் வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 7, 14, 21, 28 என்றே கொடுக்கப்படும். 22/7இல் உள்ள 7 எளிதாக அடிபட்டுப் போக வேண்டும் என்பதே காரணம். இதனால் கணக்கு சுலபமாகிறது. கூடவே ஒரு தவறான எண்ணமும் வேரூன்றுகிறது. பையும் 22/7உம் ஒன்றே என்றும், 3.14 அதன் இன்னொரு வடிவம் என்றும் மாணவர் நம்பிவிடுகின்றனர். உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு எண்கள்.

22ஐ 7ஆல் வகுத்தால் 3.142857142857... என வரும். இதில் 142857 என்ற ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பையோ 3.141592... என்று செல்கிறது. மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. முன்னதில் அங்கே 2 உள்ளது. பின்னதில் 1 உள்ளது. 3.14 என்பது பையைவிடச் சற்றுக் குறைவு. 22/7 சற்று அதிகம்.

பையை எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது என்பதை லாம்பர்ட் 1761இல் நிறுவினார். இத்தகைய எண் விகிதமுறா எண் எனப்படும். மனப்பாடம் செய்பவருக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது. பை ஒரு பின்னமாக இருந்திருந்தால், திரும்ப வரும் பகுதியை மட்டும் படித்துக்கொண்டு கோடி இலக்கம் வரை சொல்லிவிடலாம். 22/7க்கு ஆறு இலக்கம் தெரிந்தால் போதும். பையில் அத்தகைய சலுகை இல்லை. முந்தைய இலக்கங்களைப் பார்த்து அடுத்ததை ஊகிக்க உதவும் எளிய ஒழுங்கு எதுவும் அதில் கண்டறியப்படவில்லை.

இலக்கங்கள் எவ்வாறு அறியப்பட்டன

வட்டத்திற்குள் ஓர் ஒழுங்கு அறுகோணம் வரைந்தால் அதன் சுற்றளவு விட்டத்தைப் போல் சரியாக மூன்று மடங்கு இருக்கும். வட்டம் அதைவிடப் பெரியது. ஆகவே பை 3ஐவிடப் பெரியது. ஆர்க்கிமிடிஸ் இந்த வழியில் பக்கங்களை 12, 24, 48, 96 என இரட்டித்துக்கொண்டே சென்றார். வட்டத்திற்கு உள்ளே ஒரு பலகோணமும் வெளியே ஒரு பலகோணமும் வைத்து, பை 223/71க்கும் 22/7க்கும் இடையில் உள்ளது எனக் காட்டினார். தசமத்தில் எழுதினால் கீழெல்லை 3.1408..., மேலெல்லை 3.1428.... இரண்டு எல்லைகளும் 3.14 வரை ஒத்துப்போகின்றன. எனவே அதுவரை உள்ள இலக்கங்கள் உறுதி. மூன்றாவது இடத்தில் ஒன்று 0 என்கிறது, மற்றொன்று 2 என்கிறது; ஆகவே அந்த இடம் இன்னும் உறுதியாகவில்லை. பையின் இத்தனை இலக்கங்கள் தெரியும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

ஆரியபட்டர் கி.பி. 499ஐச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832 என்று தருகிறார். இது 3.1416. அதை அவர் நெருங்கிய மதிப்பு என்றே குறிப்பிடுகிறார்; முழு மதிப்பு என்று சொல்லவில்லை. பாடநூலில் சமக்குறி போட்டு 22/7 என்று எழுதும் வழக்கத்தோடு ஒப்பிடும்போது இந்தக் கவனம் பாராட்டத்தக்கது. சீனாவின் சூ சோங்ஷி 5ஆம் நூற்றாண்டில் 355/113 என்ற பின்னத்தைத் தந்தார். அது ஆறு தசம இடம் வரை சரியாக உள்ளது. லைடன் நகரில் வாழ்ந்த லுடால்ஃப் வான் கோய்லன் பலகோண முறையிலேயே 35 தசம இடங்கள் வரை கணக்கிட்டார். 1610இல் அவர் இறந்தபின் அந்த இலக்கங்கள் அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டன.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் பைக்கான பல தொடர்கள் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றில் முதல் உறுப்பே ஆறு தசம இடங்களைச் சரியாகத் தந்துவிடும். ஒவ்வோர் உறுப்பும் ஏறக்குறைய எட்டு இலக்கங்களைச் சேர்க்கும். 1985இல் காஸ்பர் அதைக் கொண்டு 1.7 கோடி இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். 2022இல் எம்மா ஹருகா இவாவோ 100 லட்சம் கோடி, அதாவது ஒரு கோடி கோடி இலக்கங்களை எட்டினார். பின்னர் அதுவும் தாண்டப்பட்டது.

தசம இடத்தின் மதிப்பு

முழு எண்களில் இடப்பக்கம் செல்லச் செல்ல இடமதிப்பு பத்து மடங்காகப் பெருகும். தசமப் புள்ளிக்கு வலப்பக்கம் அதே விதி தொடர்கிறது; ஒவ்வோர் அடிக்கும் மதிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முதல் இடம் பத்தில் ஒன்று, இரண்டாவது நூறில் ஒன்று, மூன்றாவது ஆயிரத்தில் ஒன்று, நான்காவது பத்தாயிரத்தில் ஒன்று, ஐந்தாவது லட்சத்தில் ஒன்று, ஆறாவது பத்து லட்சத்தில் ஒன்று, ஏழாவது கோடியில் ஒன்று. 3.1415926 என்பதில் ஐந்தாவதாக வரும் 9இன் மதிப்பு லட்சத்தில் ஒன்பது; அதற்கு முன் முதல் இடத்தில் நிற்கும் 1இன் மதிப்போ பத்தில் ஒன்று. உருவத்தில் 9 பெரிது. மதிப்பில் முன்னால் உள்ள 1 பல்லாயிரம் பங்கு அல்ல எனினும் ஆயிரம் பங்குக்கும் மேல் பெரிது.

3.14ஐ மூன்று புள்ளி பதினான்கு என்று படிப்பது பரவலான பழக்கம். மூன்று புள்ளி ஒன்று நான்கு என்பதே முறை. பதினான்கு என்று படித்தால், 3.125ஐ மூன்று புள்ளி நூற்று இருபத்தைந்து என்று படிக்க நேரும். நூற்று இருபத்தைந்து பதினான்கைவிடப் பெரியது என்பதால் 3.125 பெரியது என்ற முடிவுக்கு மாணவர் வருவார். இரண்டையும் ஒரே நீளத்திற்கு 3.140, 3.125 என எழுதிக் காட்டினால் குழப்பம் தீரும்.

இந்தக் குழப்பத்திற்கு மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று ரூபாய் பதினான்கு காசு என்று சொல்வது சரியே. காசு நூறில் ஒன்று என்பதால் அங்கே தவறு நேர்வதில்லை. கிரிக்கெட்டில் இன்னும் சிக்கல். 3.5 ஓவர் என்றால் மூன்றரை ஓவர் அன்று. மூன்று ஓவரும் ஐந்து பந்தும். அடுத்த பந்தில் அது 4 ஓவராகிவிடும். தினமும் தொலைக்காட்சியில் காணும் அந்தப் புள்ளி தசமப் புள்ளியே அன்று என்பதை வகுப்பில் ஒரு முறையாவது எடுத்துச் சொல்வது பயன் தரும்.

பழந்தமிழ்க் கணக்கில் கீழ்வாய் இலக்கம் எனப்படும் பின்னங்கள் பத்தின் அடிப்படையில் அமைந்தவை அல்ல. கால், அரை, முக்கால், அரைக்கால் ஆகியவற்றுடன், இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்று இருபதில் ஒன்றான முந்திரி என அவை சென்றன. நெல்லும் நிலமும் அளக்க அவை போதுமானவையாக இருந்தன. ஆனால் பை போன்ற எண்ணை மேலும் மேலும் நுட்பமாக எழுத ஒவ்வோர் அளவுக்கும் புதுப் பெயர் வேண்டியிருக்கும். தசம முறையில் பெயரே தேவையில்லை. இன்னோர் இலக்கத்தை வலப்பக்கம் எழுதினால் போதும். பல்லாயிரம் இலக்கங்களை ஒரே வரிசையாக ஒப்பிப்பது இதனால்தான் இயல்கிறது.

எத்தனை இலக்கம் போதும்

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவைக் காண 3.14ஐப் பயன்படுத்தினால் விடையில் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் குறையும். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிப்பவர்கூட இதைப் பெரிதாக எண்ணமாட்டார்.

பூமியை 12,742 கி.மீ. விட்டமுள்ள உருண்டையாகக் கொள்வோம். அதன் சுற்றளவுக்கு 3.14ஐப் பயன்படுத்தினால் பிழை சுமார் 20 கி.மீ.; 22/7ஐப் பயன்படுத்தினால் சுமார் 16 கி.மீ. ஐந்து தசம இடங்களைக் கொண்ட 3.14159 எனில் பிழை 34 மீட்டராகச் சுருங்கும். எட்டு இடங்கள் எனில் ஐந்து சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். 3.1415926535 என்று பத்து இடங்கள் எடுத்துக்கொண்டால் பூமியைச் சுற்றி வருவதில் ஒரு மில்லிமீட்டர் அளவே பிழை இருக்கும். பிழை ஒரே சீராகப் பத்தில் ஒரு பங்காகக் குறைவதில்லை; அடுத்து வரும் இலக்கம் சிறிதா பெரிதா என்பதைப் பொறுத்து மாறும்.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் கோள்களுக்கிடையே செல்லும் விண்கலங்களை வழிநடத்தும் கணக்குகளில் 15 தசம இடங்களையே பயன்படுத்துகிறது. 4,800 கோடி கி.மீ. விட்டமுள்ள வட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அந்த 15 இடங்களால் வரும் பிழை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். காணக்கூடிய பேரண்டத்தின் சுற்றளவை ஓர் அணுவின் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லவும் சுமார் 40 இலக்கங்கள் போதும். வான் கோய்லன் 400 ஆண்டுகளுக்கு முன்பே அதை நெருங்கிவிட்டார். அதற்கு மேல் கணக்கிடுவதெல்லாம் கணினிகளையும் கணக்கு முறைகளையும் சோதிப்பதற்கும், எண்ணின் இயல்பை ஆராய்வதற்கும்தான்.

மனப்பாட முறைகள்

முதல் ஐம்பது தசம இலக்கங்கள் ஐந்தைந்தாகக் கீழே தரப்பட்டுள்ளன.

3.
14159 26535 89793 23846 26433
83279 50288 41971 69399 37510

தொலைபேசி எண்ணைப் பிரித்துச் சொல்வது போல இப்படிக் குழுக்களாகப் பிரித்துப் படிப்பதே அடிப்படை முறை. குழுவுக்கு வரிசை எண் கொடுத்துக்கொண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. நான்காவது குழுவின் தொடக்கத்தில் உள்ள 2 எத்தனையாவது தசம இடம் என்று கேட்டால், மூன்று குழுக்களுக்குப் பதினைந்து, ஆகவே பதினாறாவது என்று உடனே சொல்லலாம். வெறும் ராகமாகப் படித்தவர் முதலிலிருந்து விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். வரிசையில் சில இடங்கள் தாமே நினைவில் நிற்கும். முதல் 31 தசம இடங்களில் பூச்சியமே வராது. 32ஆவது இடத்தில்தான் முதல் பூச்சியம் வருகிறது. 762ஆவது இடத்தில் தொடங்கி ஆறு ஒன்பதுகள் தொடர்ந்து வருகின்றன. அந்த இடத்துக்கு ஃபெய்ன்மன் புள்ளி என்று பெயர்.

இலக்கங்களைச் சொற்களாக்கி மனத்தில் இருத்துவது இந்தியாவில் பழைய வழக்கம். 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவனுடையதாகக் கூறப்படும் செய்யுள், கண் என்றால் 2, வேதம் என்றால் 4, யானை என்றால் 8, நட்சத்திரம் என்றால் 27, தேவர் என்றால் 33 என்ற முறையில் 2827433388233 என்ற பதின்மூன்று இலக்க எண்ணைக் குறிக்கிறது. இது 90,000 கோடி விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு. வகுத்துப் பார்த்தால் 3.14159265359 என, 11 இடங்களுக்கு முழுமையாக்கிய பையின் மதிப்பு கிடைக்கும்.

மெய்யெழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் கடபயாதி முறை மற்றொன்று. கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது புதிதன்று. மேளகர்த்தா இராகங்களில் மேசகல்யாணியின் முதலிரண்டு எழுத்துகள் ம, ச. இவற்றுக்கு 5, 6 என்பவை மதிப்பு. திருப்பிப் படித்தால் 65. அதுவே அந்த இராகத்தின் எண். 19ஆம் நூற்றாண்டில் சங்கர வர்மன் இயற்றிய சத்ரத்னமாலை என்ற நூல் இந்த முறையில் பையை 17 தசம இடங்கள் வரை தருகிறது.

ஐரோப்பிய மொழிகளில், ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லிலும் உள்ள எழுத்துகளை எண்ணும் முறை பரவலாக உள்ளது. தமிழிலும் இது இயலும். ஒற்றையும் ஓர் எழுத்தாக எண்ணிக்கொண்டால் பின்வரும் வாக்கியம் அதற்குப் பொருந்தும்.

அத்தை நீ கொடுத்த பூ மணந்தது முற்றத்திலெல்லாம் ஒரு வாரத்துக்கு மறையாமல்.

சொற்களின் எழுத்து எண்ணிக்கை முறையே 3, 1, 4, 1, 5, 9, 2, 6, 5. அதாவது 3.14159265. நீ, பூ, தீ, கை, வா என ஓரெழுத்துச் சொற்கள் நிறைய இருப்பது தமிழுக்கு வசதி. இடையூறு புணர்ச்சியில் வருகிறது. வல்லினம் மிகும் இடத்தில் ஓர் ஒற்று கூடினால் இலக்கமே மாறிவிடும். ஆகவே அடுத்த சொல் உயிரிலோ மெல்லினத்திலோ இடையினத்திலோ தொடங்குமாறு அமைப்பது பாதுகாப்பு. மாணவர்களையே இத்தகைய வாக்கியம் அமைக்கச் சொன்னால் தமிழ் வகுப்புக்கும் அது நல்ல பயிற்சி.

ஆயிரக்கணக்கில் ஒப்பிப்பவர்களுக்கு வாக்கியங்கள் போதா. அவர்களுள் பலர் இரண்டிரண்டு இலக்கங்களுக்கு ஓர் ஆள், ஒரு பொருள் எனப் படங்களை வகுத்துக்கொண்டு, பழகிய தெருவில் வீடு வீடாக நடப்பது போல அவற்றை வரிசையாக வைத்துச் செல்கின்றனர்.

சாதனைகள்

இராஜன் மகாதேவன் 1981 ஜூலை 5 அன்று மங்களூரில் 31,811 இலக்கங்களை ஒப்பித்தார். பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் அவருடைய நினைவாற்றலை விரிவாக ஆராய்ந்தனர். எண்களில் வியப்பூட்டிய அவர், படங்களின் இடத்தையும் திசையையும் நினைவில் வைக்கும் சோதனையில் மற்றவர்களைவிட மேலாக இல்லை. ஜப்பானின் ஹிரோயுகி கோட்டோ 1995இல் 42,195 இலக்கங்கள் சொன்னார். சீனாவின் லூ சாவ் 2005இல் 67,890 வரை சென்று அடுத்த இலக்கத்தில் தவறினார். 2015 மார்ச் 21 அன்று வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் இராஜ்வீர் மீனா கண்களைக் கட்டிக்கொண்டு 70,000 இலக்கங்களை ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் ஒப்பித்துக் கின்னஸ் பதிவேட்டில் இடம் பெற்றார். ஜப்பானின் அகிரா ஹராகுச்சி 2006இல் ஒரு லட்சம் இலக்கங்கள் சொன்னார் எனினும் கின்னஸ் அதைப் பதிவு செய்யவில்லை.

மார்ச் 14ஐப் பை நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம் அறிவியல் காட்சியகத்தில் லாரி ஷா என்பவரால் தொடங்கப்பட்டது. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கப்படி அது 3/14. நாளை முதலில் எழுதும் நமக்கு 22/7 என வரும் ஜூலை 22தான் பொருந்தும். அதுவும் தோராயப் பை நாளாகச் சிலரால் கொண்டாடப்படுகிறது.

528ஆவது இலக்கம்

இங்கிலாந்தில் பள்ளி நடத்திவந்த வில்லியம் ஷாங்க்ஸ் பல ஆண்டுகள் கையால் கணக்கிட்டு, 1873இல் பையின் 707 தசம இடங்களை வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் எவரும் அதை மிஞ்சவில்லை. பாரிசில் 1937இல் திறக்கப்பட்ட கண்டுபிடிப்பு அரண்மனை என்ற அறிவியல் காட்சியகத்தில், வட்டமான ஓர் அறையின் மேற்சுவரில் அந்த இலக்கங்கள் பெரிதாகப் பதிக்கப்பட்டன. 1940களின் நடுவில் பெர்குசன் என்பவர் வேறொரு வாய்பாட்டால் சரிபார்த்தபோது, ஷாங்க்சின் 528ஆவது இலக்கம் தவறு எனக் கண்டார். ஒரு கணக்கில் நேர்ந்த பிழை பின்னால் வந்த அனைத்தையும் பாதித்திருந்தது. பாரிஸ் காட்சியகத்தின் சுவர் 1949இல் திருத்தப்பட்டது.

அந்தச் சுவரைப் பார்த்து யாரேனும் 707 இலக்கங்களையும் மனப்பாடம் செய்திருந்தால், கடைசி 180 இலக்கங்களும் வீண். ஆனால் ஷாங்க்சின் மதிப்பைக் கொண்டு எந்தக் கட்டடமோ கப்பலோ கட்டியிருந்தாலும் ஒரு கேடும் நேர்ந்திராது. 528ஆவது இடத்தில் உள்ள தவறு எந்த அளவுகோலுக்கும் எட்டாத சிறுமை உடையது. இதற்கு நேர்மாறாக, ஒப்பிக்கும்போது இரண்டாவது இடத்தில் உள்ள 4ஐ ஒருவர் விட்டுவிட்டால் 3.11592... என்றாகும், ஒரு மீட்டர் சக்கரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் குறையும். போட்டி நடுவருக்கு இரண்டும் ஒரு தவறுதான், தச்சருக்கு அப்படியில்லை.

வகுப்பறையில்

பையைக் கற்பிக்க நூலும் அளவுநாடாவும் போதும். வளையல், சாப்பாட்டுத் தட்டு, குடத்தின் வாய், சைக்கிள் சக்கரம் ஆகியவற்றைச் சுற்றி நூல் வைத்து அளந்து, விட்டத்தால் வகுக்கச் சொல்லலாம். விட்டம் 28 செ.மீ., சுற்றளவு 88 செ.மீ. என்று ஒரு தட்டுக்கு வந்தால், கணிப்பான் 3.142857142 என்று காட்டும். மாணவர்கள் அத்தனை இலக்கங்களையும் நோட்டில் எழுதிவிடுவர். இங்கேதான் ஆசிரியர் நிறுத்த வேண்டும். நூல் ஒரு மில்லிமீட்டர் இறுகியிருந்தால் சுற்றளவு 87.9 ஆகியிருக்கும்; அப்போது விடை 3.139.... எனவே இந்த அளவீட்டிலிருந்து 3.14 என்று சொல்வதே நேர்மை. எஞ்சிய இலக்கங்கள் கணிப்பானின் திரையில் இருந்தாலும் தட்டில் இல்லை.

இலக்கங்களை இடையில் நிறுத்தும்போது வெட்டுவதற்கும் முழுமையாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டையும் பையைக் கொண்டே காட்டலாம். நான்கு இடங்களோடு வெட்டினால் 3.1415. அடுத்த இலக்கம் 9 என்பதால் முழுமையாக்கினால் 3.1416. முன்னதன் பிழை பின்னதன் பிழையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு இடங்களில் நிறுத்தினால் வெட்டினாலும் முழுமையாக்கினாலும் 3.14தான், அடுத்த இலக்கம் 1 என்பதே காரணம்.

ஒப்பித்தல் போட்டி நடத்தும் பள்ளிகள் அதைக் கைவிட வேண்டியதில்லை. மாணவர்கள் அதை விரும்பியே செய்கின்றனர். ஒப்பித்து முடித்தவரிடம் ஓரிரு கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாம். ஏழாவது தசம இடத்தில் உள்ள இலக்கம் எது, அதன் மதிப்பு என்ன? கோடியில் ஆறு என்று பதில் வந்தால் அவருக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கலாம்.